புதிய தகவலா, உடனடிப் பதிலா? கிளவுட் தரவுத்தளங்களின் தீராத கணக்கு

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. நாடு முழுக்க யுபிஐ பணப் பரிமாற்றம் சில மணி நேரம் திணறியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, மார்ச் 26 அன்றும் இதே போன்ற தடங்கல் வந்திருந்தது. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ ஆராய்ந்து கண்ட காரணம் கவனிக்க வேண்டியது. ஏற்கெனவே அனுப்பிய பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று வங்கிகளின் கணினிகள் ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருந்தன. அந்த விசாரிப்பு வெள்ளத்தில், பணம் அனுப்பும் வேலையே தேங்கிப்போனது.

இந்த நொடியின் நிலவரம் தெரிய வேண்டும் என்ற ஆவல், கடைசியில் எல்லாருடைய வேகத்தையும் பறித்துவிட்டது. பல இடங்களில் பரவிய தரவுத்தளங்களைக் கட்டுகிறவர்கள் முப்பது ஆண்டுகளாக மோதிக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். பதில் புதியதாகவும் இருக்க வேண்டும், கண் சிமிட்டும் நேரத்தில் வரவும் வேண்டும். இரண்டும் முழுமையாகக் கிடைக்காதபோது எதை, எந்த அளவுக்கு விட்டுக்கொடுப்பது? கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், கொட்டாரம் போன்ற ஒரு பேரூரில் வாழ்கிறவர்களுக்கும் இது அன்றாட விஷயமாகிவிட்டது. டீக்கடையில் பணம் செலுத்துவதும், தட்கலில் இருக்கை பிடிப்பதும், ரேஷன் இருப்பு பார்ப்பதும், பட்டா இறக்குவதும் எங்கோ இருக்கும் ஒரு தரவுத்தளத்தின் பதிலை நம்பித்தான் நடக்கின்றன.

இந்தக் கேள்வி எங்கிருந்து எழுகிறது, ஆய்வுலகம் அதற்கு என்ன சொன்னது, கிளவுட் நிறுவனங்கள் என்ன விற்கின்றன, நம் நாட்டுப் பொதுச் சேவைகள் என்ன வழி கண்டன என்பதை இந்தக் கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. இவற்றையெல்லாம் பார்த்தபின் எனக்கு உறுதிப்படுவது ஒன்று. ஒரு அமைப்பு முழுவதற்கும் ஒரே அளவு புதுமை தேவையில்லை. எந்தக் கேள்விக்கு எவ்வளவு பழைய பதில் பொறுக்கும் என்பதைக் கேள்வி வாரியாக முடிவு செய்ய வேண்டும். அப்படி முடிவு செய்த வயதைப் பயனரின் கண்ணில் படும்படி எழுதியும் வைக்க வேண்டும்.

தூரமும் நகலும்

சிக்கலின் வேர் இயற்பியலில் இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். மில்லிநொடிக்கு 200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கொட்டாரத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மும்பை சுமார் 1,300. பல கிளவுட் சேவைகள் குடியிருக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 14,000 கிலோமீட்டருக்கு மேல். ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பச் சென்னைக்கு 6, மும்பைக்கு 13, வர்ஜீனியாவுக்கு 140 மில்லிநொடி ஆகியே தீரும். இழைகள் நேர்கோட்டில் கிடப்பதில்லை, வழியில் ரூட்டர்களும் உண்டு. நடப்பில் ஆவது இதைவிட அதிகம். ஒரு திரையை நிரப்பப் பத்துக் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வர்ஜீனியா போய் வர வேண்டுமென்றால், பயணத்திலேயே ஒன்றரை நொடி கரைந்துவிடும்.

தரவைப் பயனருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதுதான் இதற்கு வழி. மைக்ரோசாஃப்ட் 2015-ல் புணே, சென்னை, மும்பை மூன்றிலும், அமேசான் 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஹைதராபாத்திலும், கூகுள் 2017-ல் மும்பையிலும் 2021-ல் டெல்லியிலும் தரவு மையங்களைத் திறந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் பல இடங்களில் வைத்தால் பல நகல்கள் உண்டாகும். நகல் என்று வந்துவிட்டால், முதன்மைத் தரவுத்தளத்தில் நடந்த மாற்றம் நகலுக்கு எப்போது போய்ச் சேரும் என்ற கேள்வியும் கூடவே வரும்.

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்களில் ஓடி, வழியிலுள்ள குளங்களை நிரப்பி, அகஸ்தீஸ்வரம் வட்டத்துக் கடைமடைக்கு வருகிறது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் அணையைத் திறக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டாம், பக்கத்துக் குளத்தின் மடையைத் திறந்தால் போதும். ஆனால் குளத்தின் மட்டத்தைப் பார்த்து அணையின் இன்றைய மட்டத்தைச் சொல்ல முடியாது. தரவுத்தளத்தின் நகல்களும், அதற்கு முன்னால் நிற்கும் கேச் நினைவகமும் இந்தக் குளங்கள்தான். பக்கத்தில் இருப்பதால் பதில் வேகமாக வரும். ஆனால் அந்தப் பதில் எப்போதோ வந்து சேர்ந்த பதில்.

முதன்மையில் எழுதியதை எல்லா நகல்களும் பெற்றுக்கொண்டன என்று உறுதியான பிறகுதான் 'ஆயிற்று' என்று சொல்வோம் என்பது ஒரு வழி. அதில் எந்த நகலைக் கேட்டாலும் புதிய பதில் கிடைக்கும். ஆனால் மிக மெதுவான நகலின் வேகம்தான் எல்லாருடைய வேகமும். முதன்மையில் எழுதியவுடனே 'ஆயிற்று' என்று சொல்லிவிட்டு, நகல்களுக்குப் பின்னால் அனுப்பிக்கொள்வது இன்னொரு வழி. இதில் வேகம் உண்டு, கூடவே சில மில்லிநொடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை பின்தங்கலும் உண்டு.

அந்தப் பின்தங்கல் என்ன செய்யும் என்பதை ஒரு இ-சேவை மையக் கவுண்டரில் வைத்துப் பார்க்கலாம். ஒருவர் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தியதும் விண்ணப்ப எண் வந்துவிடுகிறது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று நிலை அறியும் பக்கத்தில் அந்த எண்ணைப் போடுகிறார். எழுதும் வேலை முதன்மைக்குப் போயிருந்தது. படிக்கும் வேலையோ நகலுக்குப் போகிறது, நகல் மூன்று நொடி பின்தங்கி நிற்கிறது. 'இந்த எண்ணில் விண்ணப்பம் இல்லை' என்கிறது திரை. பதறிப்போய் இன்னொரு முறை விண்ணப்பித்து, இன்னொரு முறை கட்டணமும் கட்டுகிறார். அடுத்த நிமிடம் திரையில் இரண்டு விண்ணப்பங்கள் நிற்கின்றன. இரண்டு சர்வர்களும் சொன்ன வேலையைப் பிசகில்லாமல் செய்தன. எந்தக் கேள்வியை எங்கே அனுப்புவது என்று யோசிக்காமல் விட்டதால் வந்த வினை இது.

முப்பது ஆண்டு ஆய்வு

இந்தக் கவுண்டர் பிரச்சினைக்கான மருந்து 1994-லேயே எழுதப்பட்டுவிட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் டக் டெர்ரியும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பயனரின் அமர்வுக்குள் காக்க வேண்டிய நான்கு உத்தரவாதங்களை வகுத்தார்கள். அவற்றில் இரண்டு மிக முக்கியமானவை. தான் எழுதியதைத் தான் படிக்கும்போது காண வேண்டும் என்பது ஒன்று. ஒருமுறை புதியதைப் பார்த்தவர் அடுத்த முறை அதைவிடப் பழையதைப் பார்க்கக் கூடாது என்பது மற்றொன்று. உலகம் முழுவதும் ஒரே நொடியில் ஒரே காட்சியைக் காண வேண்டியதில்லை, ஒரு தனி மனிதருக்குக் காலம் பின்னோக்கி ஓடாதிருந்தால் போதும் என்ற இந்தப் பார்வை இன்றும் பழசாகவில்லை.

2000-ல் எரிக் பிரூவர் முன்வைத்த கருத்தைத்தான் பொதுவாக எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். நெட்வொர்க் துண்டிக்கப்படும்போது ஒரு பரவல் அமைப்பு, எல்லா நகல்களும் ஒத்திருப்பதையோ எல்லாருக்கும் பதில் சொல்வதையோ ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றார் அவர். 2002-ல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் அதைக் கணித முறையில் நிறுவினார்கள். கேப் தேற்றம் என்று பெயர் பெற்ற இது ஒரு தலைமுறைப் பொறியாளர்களின் சிந்தனையை வடிவமைத்தது. ஆனால் துண்டிப்பு என்பது எப்போதோ நடப்பது. எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அந்தத் தேற்றம் பேசவில்லை. அந்த இடைவெளியை 2010-ல் டேனியல் அபாடி சுட்டிக்காட்டினார், 2012-ல் விரிவாக எழுதினார். துண்டிப்பே இல்லாத நாளிலும் தாமதமா, ஒத்திசைவா என்ற தேர்வு ஒவ்வொரு கேள்விக்கும் இருந்துகொண்டே இருக்கிறது என்றார். நம் விஷயத்துக்குப் பிரூவர் சொன்னதைவிட அபாடி சொன்னதுதான் நெருக்கமானது. பயனர் தினமும் அனுபவிப்பது துண்டிப்பை அல்ல, தாமதத்தையும் பழைய பதிலையும்தான்.

இதற்கிடையே 2007-ல் அமேசான் தன் டைனமோ அமைப்பைப் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டது. வாடிக்கையாளர் கூடையில் ஒரு பொருளைப் போடும்போது எந்தக் காரணத்தாலும் 'முடியாது' என்று சொல்லக் கூடாது என்பது அதன் அடிப்படை. நகல்கள் சற்று முன்பின்னாக இருந்தாலும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எத்தனை நகல்களில் எழுதினால் போதும், எத்தனை நகல்களைக் கேட்டால் போதும் என்ற எண்களை மாற்றி, வேகத்தையும் புதுமையையும் வேண்டிய அளவுக்குத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று அது காட்டியது.

2012-ல் கூகுள் வெளியிட்ட ஸ்பேனர் ஆய்வுரை எதிர்த் திசையில் போனது. தரவு மையங்களில் ஜிபிஎஸ் வாங்கிகளையும் அணுக் கடிகாரங்களையும் வைத்து, நேரத்தின் ஐயப்பாட்டைச் சில மில்லிநொடிக்குள் அடக்கினார்கள். அந்த ஐயப்பாடு தீரும் வரை காத்திருந்து, பிறகே எழுதியதை உறுதி செய்தார்கள். உலகளாவிய ஒத்திசைவு சாத்தியம் என்று அது மெய்ப்பித்தது. அதற்கு விலையாகக் கொடுத்தது அந்தச் சிறு காத்திருப்பை. அதே ஆண்டில் பீட்டர் பெய்லிஸும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும், 'பிறகு ஒத்துப்போகும்' என்று சொல்லும் அமைப்புகளை அளந்து பார்த்தார்கள். பெரும்பாலும் சில பத்து மில்லிநொடிகளுக்குள் அவை ஒத்துப்போய்விடுகின்றன என்று கண்டார்கள். பழைய தகவல் என்ற பயத்தை அளக்கக்கூடிய ஒரு நிகழ்தகவாக மாற்றியது இந்த வேலையின் பெருமை.

2013-ல் டெர்ரி மறுபடியும் வந்தார். ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் ஸ்கோர் என்ற ஒரே தரவை, ஸ்கோர் எழுதுகிறவர், நடுவர், வானொலி அறிவிப்பாளர், விளையாட்டுச் செய்தியாளர் என ஒவ்வொருவரும் படிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் புதுமை வேறு வேறு. எவ்வளவு புதுமை வேண்டும் என்பதைத் தரவு தீர்மானிப்பதில்லை, படிக்கிறவரின் வேலைதான் தீர்மானிக்கிறது என்பது அவர் சொன்ன செய்தி. இத்துறையில் நான் படித்தவற்றுள் மிகப் பயனுள்ள கருத்து இதுதான்.

சந்தையில் கிடைப்பது

ஆய்வுக்கூடத்தில் விளைந்த இந்தக் கருத்துகள் இன்று கிளவுட் நிறுவனங்களின் விலைப்பட்டியலில் இருக்கின்றன. அமேசானின் டைனமோடிபியில் எதுவும் குறிப்பிடாமல் படித்தால் சற்றுப் பழையதாக இருக்கக்கூடிய பதில் வரும். கட்டாயம் புதியது வேண்டும் என்று கேட்டால் இரண்டு மடங்கு கட்டணம். புதுமைக்கு ஒரு விலை உண்டு என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் இடம் அரிது.

மைக்ரோசாஃப்டின் காஸ்மோஸ் டிபி ஐந்து படிகளை வைக்கிறது. உச்சியில் முழு ஒத்திசைவு. அடுத்து, இத்தனை நொடிக்கு மேல் பழையதாகாது என்ற வரம்பு. நடுவில், 1994-ல் டெர்ரி வகுத்த அமர்வு உத்தரவாதம். அதற்குக் கீழே, வரிசை மட்டும் பிசகாத நிலை. கடைசியில், என்றாவது ஒத்துப்போகும் நிலை. எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் நடுப்படியான அமர்வு உத்தரவாதம்தான் கிடைக்கும். ஸ்பேனரிலும்கூட 15 நொடிப் பழைய பதில் போதும் என்று சொல்லிப் படிக்கலாம். பக்கத்து நகலே பதில் சொல்லிவிடும், தலைமை நகலைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. கோப்புகளை வைக்கும் அமேசானின் எஸ்3 2020 டிசம்பரில் கூடுதல் கட்டணமின்றி முழு ஒத்திசைவுக்கு மாறியது. அதுவரை பழைய பதிலைச் சமாளிக்க எழுதிய ஒட்டுவேலை நிரல்கள் தேவையற்றுப் போயின. சில தேர்வுகள் காலத்தால் மலிவாகும் என்பதற்கு இது சான்று. ஆனால் தூரம் மலிவாவதில்லை.

படிகள் இத்தனை இருந்தும், பெரும்பாலான குழுக்கள் தொடக்கத்தில் எது தானாக அமைந்ததோ அதிலேயே காலம் தள்ளுகின்றன. எந்தப் படியில் நிற்கிறோம் என்பது ஒரு தொழில்நுட்ப அமைப்பாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது பயனருக்குக் கொடுக்கும் வாக்கு.

ரயில் இருக்கை: ஒரே தரவு, நான்கு வாசகர்கள்

டெர்ரியின் ஆட்டத்தை நம் ஊருக்குக் கொண்டுவர ரயில் முன்பதிவைப் போல வேறொன்று இல்லை. 1980களின் நடுவில் டெல்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு, பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் தனித்தனி மையங்களாக வளர்ந்தது. ரயில்வேயின் மென்பொருள் அமைப்பான கிரிஸ் உருவாக்கிய கான்செர்ட் என்ற மென்பொருள் மூலம் 1999-ல் ஐந்தும் ஒன்றோடொன்று இணைந்தன. எந்தக் கவுண்டரிலிருந்தும் எந்த ரயிலுக்கும் பதிவு செய்யலாம் என்றானது. கன்னியாகுமரி நிலையத்தில் நின்றுகொண்டு திப்ருகர் வரை போகும் விவேக் எக்ஸ்பிரஸுக்கும் வடக்கே வேறு ஏதோ ஒரு ரயிலுக்கும் டிக்கெட் எடுக்க முடிவது அதனால்தான். ஒரு ரயிலின் இருக்கைக் கணக்கை ஒரு மையமே வைத்திருக்கும், மற்ற மையங்கள் அதைக் கேட்டுத்தான் விற்கும் என்பது இதன் அடிப்படை. ஒரே படுக்கையை இரண்டு பேருக்கு விற்கும் ஆபத்தை இந்த ஒழுங்குதான் தடுக்கிறது.

இந்த இருக்கைக் கணக்கைப் படிக்கிறவர்களைப் பாருங்கள். அடுத்த மாதம் சென்னைக்கு எந்த ரயிலில் போகலாம் என்று யோசிக்கிறவருக்கு ஒரு மணி நேரப் பழைய எண் போதும். காலை 11 மணிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் தட்கல் எடுக்கிறவருக்கு இரண்டு நொடிப் பழைய எண்ணும் பயனற்றது. ரயில் புறப்படும் முன் பயணிகள் பட்டியலைத் தயாரிக்கும் நிரலுக்கு ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது, ஆனால் அதற்குச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளலாம். கோடைக்குக் கூடுதல் ரயில் விடலாமா என்று கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு நேற்றைய தரவு போதும்.

2014-ல் ஐஆர்சிடிசி தன் இணைய முன்பதிவைப் புதுப்பித்தபோது நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறன் 7,200 ஆனது. அடிக்கடி கேட்கப்படும் தகவலை வட்டிலிருந்து எடுக்காமல் நினைவகத்திலேயே வைத்துப் பதில் சொல்லும் முறை இதற்கு உதவியது. வேடிக்கை பார்க்கிறவரின் கேள்வியை ஒரு வழியிலும், வாங்குகிறவரின் கேள்வியை வேறு வழியிலும் அனுப்பத் தெரிந்ததே இதிலுள்ள பாடம். தேடும்போது 'இருக்கை உண்டு' என்று காட்டி, பணம் கட்டும்போது காத்திருப்புப் பட்டியலில் தள்ளும் அனுபவமும் இந்தப் பிரிப்பின் விளைவுதான். ஆகவே தேடல் பக்கத்தில் வரும் எண்ணுக்குக் கீழே, அது எத்தனை நிமிடம் பழையது என்று எழுதிக் காட்டுவது கடமை. பல செயலிகள் இப்போது அப்படி எழுதி, புதுப்பிக்க ஒரு பொத்தானும் வைக்கின்றன.

கோவின்: அரை மணி நேரப் பழைய பதில்

2021 ஏப்ரல் 28 அன்று, 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அரசின் கோவின் தளத்தில் கோவிட் தடுப்பூசிப் பதிவு திறந்தது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் வந்தன. அன்று ஒரே நாளில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தார்கள். தடுப்பூசி குறைவு, கேட்பவர்கள் மிகுதி. எந்த மையத்தில் இடம் திறக்கிறது என்று நொடிக்கொரு முறை கேட்டுச் சொல்லும் நிரல்களை இளைஞர்கள் எழுதத் தொடங்கினார்கள்.

அதற்கு அரசு கண்ட வழி, வெளியாருக்கான இடைமுகத்தைக் கேச்சுக்குத் திருப்பியது. அது தரும் இட நிலவரம் 30 நிமிடம் வரை பழையதாக இருக்கலாம் என்றும், ஒரு இணைய முகவரியிலிருந்து 5 நிமிடத்துக்கு 100 கோரிக்கைகள்தான் அனுமதி என்றும் ஆவணத்திலேயே எழுதினார்கள். பொறியியல் நோக்கில் இது சரியான முடிவு. உண்மையான பதிவுப் பாதை காப்பாற்றப்பட்டது, பழைமையின் அளவும் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டது. ஆனால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் தடுப்பூசிக்கு 30 நிமிடப் பழைய நிலவரம் உதவாது. தளத்தில் உள்நுழைந்து நேரடியாகத் திரும்பத் திரும்பப் பார்க்க நேரமும் நல்ல இணைப்பும் உள்ளவர்களே முந்தினார்கள். புதுமையைக் குறைக்கும்போது அதன் பாரம் எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. கடைமடையில் இருப்பவர் மீதே அதிகம் விழுகிறது. கட்டமைப்பு முடிவு எடுக்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

யுபிஐ: கேட்டுக்கொண்டிருப்பதா, சொல்லிவிடுவதா?

2016-ல் தொடங்கிய யுபிஐ 2023 ஆகஸ்டில் மாதத்துக்கு 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. இவ்வளவு பெரிய அமைப்பில் ஒவ்வொருவரும் 'என் இருப்பு எவ்வளவு?', 'என் பணம் போயிற்றா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதை 2025 ஏப்ரல் காட்டியது. அதன் பிறகு 2025 ஆகஸ்ட் 1 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஒரு செயலியில் ஒரு நாளில் 50 முறைதான் இருப்பைக் கேட்கலாம். பரிவர்த்தனையின் நிலையை விசாரிப்பதற்கும் எண்ணிக்கை வரம்பும் இடைவெளியும் வந்தன.

இந்த விதிகளில் என்னைக் கவர்ந்தது பலரும் பேசாத ஒரு கூறு. ஒவ்வொரு பரிவர்த்தனையும் முடிந்தவுடன் மீதி இருப்பை வங்கியே சேர்த்து அனுப்பிவிட வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. மக்கள் இருப்பைப் பார்ப்பது பெரும்பாலும் பணம் அனுப்பிய பிறகுதான். அந்த நேரத்தில் தகவலைத் தானாகவே கையில் கொடுத்துவிட்டால் கேள்வியே எழாது. கேட்க விடாமல் தடுப்பதைவிட, கேட்கும் முன்பே சொல்லிவிடுவது மேலான வழி.

கடைகளில் உள்ள ஒலிப்பெட்டி இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. கொட்டாரம் சந்திப்பில் ஒரு டீக்கடையைப் பாருங்கள். மாஸ்டருக்கு இரண்டு கையும் வேலையில். வருகிறவர் கடையின் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பத்து ரூபாய் அனுப்புகிறார். அடுத்த சில நொடிகளில் பெட்டி தொகையைச் சொல்கிறது, மாஸ்டர் தலையை அசைக்கிறார், ஆள் கிளம்பிவிடுகிறார். கடைக்காரர் போனை எடுக்கவில்லை, வங்கியின் கணினியை யாரும் விசாரிக்கவில்லை. பணம் செலுத்தியதாக வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்ப வேண்டிய நிலையும் இல்லை. தகவல் புதியது, வேகமாக வந்தது, தரவுத்தளத்தின் மீது கூடுதல் சுமையும் ஏறவில்லை. புதுமைக்கும் வேகத்துக்கும் உள்ள பகை, கேட்டுக்கேட்டு அறியும் முறையில்தான் கடுமையாகிறது. நிகழ்ந்தவுடன் சொல்லிவிடும் முறையில் அது பாதியாகக் குறைகிறது.

சுனாமி: முன்பே போட்டு வைத்த கணக்கு

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. அலை நம் கரையைத் தொடச் சில மணி நேரம் இருந்தது. ஆனால் எச்சரிக்கும் அமைப்பு எதுவும் இல்லை. நாகப்பட்டினத்துக்கு அடுத்தபடி தமிழ்நாட்டில் பேரிழப்பைச் சந்தித்த மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது.

வேகமும் புதுமையும் மோதும்போது உயிரே பணயமாகும் இடம் இது. நிலநடுக்கம் நிகழ்ந்த பிறகு, அலை எந்தக் கரைக்கு எவ்வளவு உயரத்தில் வரும் என்று கணக்கிடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். ஆகவே பல இடங்களில், பல அளவுகளில் நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்று ஆயிரக்கணக்கான கணக்குகளை முன்பே போட்டுத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறார்கள். நடுக்கம் பதிவானவுடன் அதற்கு மிக நெருங்கிய கணக்கை எடுத்துச் சில நிமிடங்களில் முதல் அறிவிப்பை வெளியிடுகிறார்கள். பிறகு ஆழ்கடல் அழுத்தமானிகளும் கடல்மட்ட அளவிகளும் தரும் நேரடித் தகவலை வைத்து அந்த அறிவிப்பைத் திருத்துகிறார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது முதலில் எச்சரிக்கை வந்தது. பெரிய அலை இல்லை என்று உறுதியானதும் விலக்கிக்கொள்ளப்பட்டது.

தரவுத்தளக்காரர்களின் மொழியில் சொன்னால், முதல் பதில் முன்கணித்து வைத்த விடை, அடுத்தடுத்த பதில்கள் புதிய தரவு கொண்டு திருத்தியவை. எண்ணிட்ட அறிவிப்புகள் ஒன்றையடுத்து ஒன்றாக வருவதால், எது முந்தியது, எது பிந்தியது என்ற குழப்பம் இல்லை. வேகமான தோராயப் பதிலை முதலில் கொடுத்து, அதன் தன்மையை வெளிப்படையாகச் சொல்லி, பிறகு திருத்துவது என்ற இந்த ஒழுங்கு மற்ற சேவைகளுக்கும் பொருந்தும்.

உத்திகள்

நடைமுறையில் பொறியாளரின் கையில் உள்ள கருவிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கேச்சில் உள்ள ஒவ்வொரு பதிவுக்கும் ஆயுள் வைப்பது மிக எளியது. அதில் பழைமைக்கு ஒரு மேல்வரம்பு கிடைக்கும். முதன்மையில் மாற்றம் நிகழ்ந்தவுடன் கேச்சில் உள்ளதை அழிப்பது இன்னும் நல்லது. ஆனால் அழிக்கும் செய்தி வழியில் தொலைந்தால் பழையது அப்படியே தங்கிவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் பாதுகாப்பு.

ஆயுள் முடியும் நொடியில் ஆயிரம் பேர் ஒரே பதிவைக் கேட்டால் ஆயிரம் கேள்விகளும் முதன்மை மீது பாயும். 2013-ல் ஃபேஸ்புக் வெளியிட்ட ஆய்வுரை இதற்கு ஒரு வழி காட்டியது. ஒரு பதிவைப் புதுப்பிக்கும் உரிமையை ஒருவருக்கு மட்டும் கொடுத்து, மற்றவர்களைச் சற்றுக் காக்கவைப்பது அல்லது கொஞ்சம் பழைய பதிலைக் கொடுப்பது. இதனால் ஒரு வகைத் தரவில் தரவுத்தளத்தின் உச்சச் சுமை நொடிக்கு 17,000 கேள்விகளிலிருந்து 1,300 ஆகக் குறைந்தது என்று அவர்கள் எழுதினார்கள்.

இ-சேவைக் கவுண்டரில் நாம் பார்த்த சிக்கலுக்குத் தீர்வு எளியது. எழுதியவுடன் அந்தப் பதிவின் வரிசை எண்ணைப் பயனரின் அமர்வில் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை அவர் படிக்க வரும்போது, நகல் அந்த எண்ணைத் தொட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். தொடவில்லையென்றால் அவருடைய கேள்வியை மட்டும் முதன்மைக்கு அனுப்பினால் போதும். மற்ற லட்சம் பேரின் வேகம் குறையாது.

அளவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சராசரி வேகத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடையக் கூடாது. 2013-ல் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் காட்டிய கணக்கு இது. ஒரு சர்வர் நூறில் ஒரு முறைதான் மெதுவாகப் பதில் சொல்கிறது. ஆனால் ஒரு பக்கத்துக்காக அப்படி நூறு சர்வர்களைக் கேட்க வேண்டுமென்றால், நூறில் 63 பக்கங்கள் மெதுவாகிவிடும். பின்தங்கலுக்கும் இது பொருந்தும். சராசரியாக நகல் அரை நொடி பின்தங்குகிறது என்பதைவிட, மிக மோசமான நேரத்தில் எவ்வளவு பின்தங்குகிறது என்பதே தெரிய வேண்டிய எண்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, கேள்விகளை அவற்றின் விளைவால் பிரிக்க வேண்டும். பழைய பதிலால் பணமோ நிலமோ உயிரோ போகுமென்றால் தாமதத்தை ஏற்றுக்கொண்டு புதியதையே தர வேண்டும். வில்லங்கச் சான்று பார்க்கிறவர் கூடுதலாக ஐந்து நொடி காத்திருக்கத் தயங்கமாட்டார். காலையில் பதிவான கிரயம் அந்தச் சான்றில் இல்லாமல் போவதை அவரால் தாங்க முடியாது. ரேஷன் கடையின் அரிசி இருப்பு கால் மணி நேரம் பழையதாக இருந்தால் பெரிய கேடு இல்லை.

இரண்டு, ஒருவர் தானே செய்த மாற்றத்தை அவருக்கு உடனே காட்ட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பொதுமக்களுக்குக் கணினி மீது வரும் அவநம்பிக்கையில் பெரும்பங்கு, தான் செய்தது காணாமல் போனதைப் பார்ப்பதிலிருந்து வருகிறது.

மூன்று, பதிலின் வயதைப் பதிலோடு சேர்த்து எழுத வேண்டும். தேர்தல் ஆணையத்தின் முடிவுகள் பக்கம், வாக்கு எண்ணும் நாளில் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற நேரத்தை ஒவ்வொரு பட்டியலோடும் காட்டுகிறது. அவ்வளவு நெருக்கடியான நாளில் அது முடியுமென்றால், எந்த அரசுச் சேவைக்கும் முடியும். எத்தனை மணி நிலவரம் என்று தெரிந்தால் அதற்கேற்ப மனிதர் தானே முடிவு எடுத்துக்கொள்வார். தெரியாதபோதுதான் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்.

நான்கு, இதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஒரு தளம் எத்தனை விழுக்காடு நேரம் இயங்க வேண்டும், எத்தனை நொடிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பவை சேவை ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறுகின்றன. எந்தத் தகவல் எவ்வளவு நேரத்துக்கு மேல் பழையதாகக் கூடாது என்பதும், அதை யார், எப்படி அளப்பார்கள் என்பதும் அவற்றோடு இடம்பெற வேண்டும். எழுதி வைக்காத வாக்கை யாரும் அளப்பதில்லை, அளக்காததை யாரும் திருத்துவதில்லை. மாவட்டத் தலைநகரில் இருப்பவருக்கும் கொட்டாரத்தில் பலவீனமான சிக்னலோடு நிற்பவருக்கும் அந்த வாக்கு ஒன்றாகவே இருக்க வேண்டும். பொதுப் பணத்தில் கட்டப்படும் ஒவ்வொரு தரவுத்தளத்திடமும் இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு.